இதனால் என்ன பயன்?

பையன் தபால்தலை ஒட்டினாலும், பெண் நோட்டில் புள்ளி வைத்துக் கோலம் பழகினாலும், "இதனால் என்ன பயன்?" என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டா?

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், நமக்குப் பங்குனி வெயில் காயத் தொடங்கிய பிறகும் வெண்பனி விலகாது. வீட்டில் முடங்கியவர்கள் பருவத்தை நொந்துகொள்வது இயல்பு. ஜெரிக்கோ என்ற ஊரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்ற குடியானவருக்கோ, அந்தப் பனிதான் பொழுதுபோக்கு. பண்ணை வேலை போக மிஞ்சிய நேரத்தில், குளிர்ந்த கொட்டகையில் நின்று, மூச்சுப் பட்டால் உருகிவிடுமே என்று மூச்சையும் அடக்கிக்கொண்டு, பனித்துகள்களை மைக்ராஸ்கோப் வழியே படம் பிடித்தார். 1885-இல் தொடங்கி, 1931-இல் மறைவதற்குள் 5000-க்கு மேற்பட்ட படங்கள்! அவரைக் கிறுக்கர் என்று நினைத்த ஊராரும் உண்டு.

கடமையை மறக்கச் செய்யும் பொழுதுபோக்கை நான் ஆதரிக்கவில்லை. ஆனால், கூலிக்குச் செய்யும் வேலையில் நம் திறமைதான் தெரிகிறது. கூலியும் கட்டளையும் இல்லாதபோது எதைச் செய்கிறோம் என்பதில்தான் நம் மனம் தெரிகிறது. நொடியில் உருகப்போகும் துகளுக்காக மூச்சை அடக்கியவர், உலகை மதிக்கக் கற்றவர். பயன் என்பது வயிற்றோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டில் ஒரு குழந்தை எதிலோ மெய்ம்மறந்து குனிந்திருந்தால், நாமும் சற்றே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கலாமே!