இது யார் உபயம்?

நம் ஊர்க் கோயில்களில் குழல்விளக்கின் மேல்கூட ‘உபயம்’ என்று போட்டு ஒருவர் பெயர் எழுதியிருக்கும். மின்விசிறி, குடிநீர்த் தொட்டி, படிக்கல், அன்னதானக் கூடத்துப் பலகை என்று எதைப் பார்த்தாலும் கொடுத்தவர் பெயர் உண்டு. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறோம். யார், எந்த ஊர், எவ்வளவு என்பது எல்லார் கண்முன்னும் நோட்டில் ஏறுகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி மலைக்கு நடப்பவர்களுக்கு மோர் ஊற்றுகிற பந்தலிலும் அது யார் செலவு என்று தட்டி கட்டுவார்கள். கொடுப்பதும் வாங்குவதும் குற்றமில்லை, ஆனால் கை மாறியது என்ன என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நியாயம் இந்த வழக்கங்களுக்குள் இருக்கிறது. அந்த நியாயம் கைப்பேசித் திரையில் மட்டும் கைவிடப்படுகிறது. சேலை, மிக்சி, முகத்துக்குப் பூசும் கிரீம், ஓட்டல் சாப்பாடு, இரண்டு நாள் ரிசார்ட் தங்கல் என எத்தனையோ பொருள்களும் வசதிகளும் யூடியூபர்களுக்கும் ரீல்ஸ் போடுகிறவர்களுக்கும் இலவசமாகப் போய்ச் சேருகின்றன. அவற்றைப் பற்றிப் பேசும்போது, “நானே வாங்கிப் பயன்படுத்தினேன், அருமையாக இருக்கிறது” என்ற தொனியில் பேசுகிறார்கள். பெற்றதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது சரியா என்பதே இங்கே கேள்வி. சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். சொல்வது பெருந்தன்மையைச் சேர்ந்த காரியம் அல்ல. அது பார்ப்பவருக்குத் தரவேண்டிய கடன்.

பரிசு பெற்றுக்கொண்டு ஒருவரைப் புகழ்வது தமிழுக்குப் புதிதல்ல. அதற்கென்றே நம்மிடம் ஓர் இலக்கிய வகை இருந்தது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனை அதே வள்ளலிடம் போகச் சொல்வதே ஆற்றுப்படை. அந்தப் பரிந்துரை எப்படித் தொடங்குகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பொருநராற்றுப்படையில் பேசுகிறவன், தன் உடம்பில் கிடந்த தையல் போட்ட கந்தலையும் அதில் குடியிருந்த பேனையும் மறைக்கவில்லை. அதைக் களைந்துவிட்டுக் கரிகாலன் கொடுத்த, பாம்புச் சட்டை போல் மெல்லிய ஆடையைச் சொல்கிறான். தின்ற சோற்றையும் கறியையும் சொல்கிறான். எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் “நீயும் போ” என்கிறான். கேட்பவனுக்கு ஐயத்துக்கு இடமில்லை: இவன் வாங்கியவன், வாங்கிய நன்றியில் பேசுகிறான். புகழ்ச்சியில் எவ்வளவைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கேட்பவனே முடிவு செய்யலாம். திருமுருகாற்றுப்படையிலும் வழிகாட்டுகிறவர் அருள் பெற்றவராகவே பேசுகிறார். பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்வது என்பதுதான் அந்த வகையின் இலக்கணமே. இன்றைய வீடியோ ஆற்றுப்படையின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. “நீயும் போய் வாங்கு” என்பது இருக்கிறது, “எனக்கு இதைக் கொடுத்தார்கள்” என்பது இல்லை.

“இலவசமாக வாங்கினாலும் மனதில் பட்டதைத்தான் சொல்கிறேன்” என்று பலர் சொல்வார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பரிசு மனிதனை வளைப்பதற்கு அவன் சம்மதம் தேவையில்லை. மருத்துவர்களுக்கு மருந்து நிறுவனங்கள் தரும் பரிசுகளைப் பற்றி ஜேசன் டானா, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். சிறிய பரிசும் தீர்ப்பைச் சாய்க்கும், அந்தச் சாய்வு பெற்றவருக்கே தெரியாமல் நடக்கும், ஆகவே நேர்மையாக இருக்க நினைப்பதால் மட்டும் அதிலிருந்து தப்ப முடியாது என்பது அவர்கள் திரட்டித் தந்த சான்றுகளின் சாரம். பல ஆண்டு படித்துத் தேர்ந்த மருத்துவருக்கே இந்த நிலை என்றால், நேற்று வந்த பெட்டியை இன்று கேமரா முன் பிரிக்கிறவர் மட்டும் விதிவிலக்காக முடியாது. இதே மருந்து நிறுவனப் பரிசுகள் தொடர்பான வழக்கில் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றம், இலவசம் என்பது உண்மையில் இலவசமே அல்ல, அதன் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விழுகிறது என்று சுட்டிக்காட்டியது. சேலைக்கும் மிக்சிக்கும் அதே கணக்குத்தான். வீடியோ போட்டவருக்கு வந்த இலவசத்தின் விலையை, அந்த வீடியோவைப் பார்த்து வாங்குகிறவர் கட்டுகிறார். பணம் கட்டுகிறவரிடமே அந்தச் செலவை மறைப்பது எப்படி நியாயமாகும்?

“காசா வாங்கினேன்? ஒரு பொருள்தானே அனுப்பினார்கள்” என்ற வாதமும் நிற்காது. வருமான வரித் துறை இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. தொழிலின் வழியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் கிடைக்கும் பயன்களுக்கு 10 சதவீத வரிப் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற 194-ஆர் பிரிவு 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை விளக்கிய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கை, சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்கிறவரையே எடுத்துக்காட்டாகக் கூறியது. கார், கைப்பேசி, உடை, அழகுப் பொருள் போன்றவற்றை வீடியோவுக்குப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது பயன் அல்ல, வைத்துக்கொண்டால் பயன் என்றது. அரசின் கணக்கில் வருமானமாக ஏறுகிற ஒன்று, பார்வையாளரிடம் மட்டும் ஒன்றுமில்லாததாக ஆகிவிட முடியாது.

சட்டமும் விதிகளும் இந்தத் திசையில் வெகுதூரம் வந்துவிட்டன. விளம்பரத் துறையினர் தாங்களே அமைத்துக்கொண்ட ஆஸ்கி அமைப்பு 2021இல் வகுத்த நெறிமுறைகள் அந்த ஆண்டு ஜூன் 14 முதல் பதிவுகளுக்குப் பொருந்தின. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் தெளிவானது. பணம் மட்டுமல்லாமல் இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், ஓட்டல் தங்கல், விருது, குடும்ப உறவு, வேலை உறவு வரை எல்லாமே சொல்லப்பட வேண்டிய தொடர்புகள் என்று அது பட்டியலிட்டது. வீடியோ என்றால் எழுத்திலும் பேச்சிலும் சொல்ல வேண்டும், நேரலை என்றால் தொடர்ந்து திரையில் தெரிய வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் புதைக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைத்தவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும் அடுத்தடுத்த முறை 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. அந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மொழி பற்றிய விதி. பரிந்துரை எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் தமிழில் பேசிவிட்டு, மூலையில் ஆங்கிலத்தில் ‘கொலாப்’ என்று பொடி எழுத்தில் போட்டால், விசைத்தறி ஊரான பொதட்டூர்பேட்டையில் தறி நின்ற நேரத்தில் கைப்பேசி பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அதில் என்ன புரியும்? தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி அது. அந்த இரண்டு மொழியிலும் எளிய சொற்கள் இருக்கின்றன. ‘விளம்பரம்’ என்ற ஒரு சொல், ‘இலவசமாகக் கொடுத்தார்கள்’ என்ற ஒரு வரி போதும்.

பொதட்டூர்பேட்டையின் பெயரை நான் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விசைத்தறியால் வாழும் ஊருக்கு முத்திரையின் மதிப்பு தெரியும். கைத்தறிச் சேலையும் விசைத்தறிச் சேலையும் மடித்து அடுக்கினால் வாங்குகிறவர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். நெய்தவருக்கு இரண்டும் வேறு. உழைப்பு வேறு, நேரம் வேறு, அதனால் விலையும் வேறு. அந்த வேறுபாட்டைப் பார்க்கத் தெரியாதவருக்கும் சொல்லத்தான் 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. பட்டுக்கு அதற்கு முன்பே 2004இல் சில்க் மார்க் வந்தது. விசைத்தறித் துணி மட்டமானது என்று அந்த முத்திரை சொல்லவில்லை. விசைத்தறித் துணி விசைத்தறித் துணியாகவே விற்கப்படும்போது அதில் எந்தக் குறையும் இல்லை. கைத்தறி என்ற பெயரில் விற்கும்போதுதான் வாங்குகிறவர் ஏமாறுகிறார், கையால் நெய்தவர் வயிற்றில் அடிபடுகிறது. விளம்பரமும் அப்படித்தான். விளம்பரமாகவே வந்தால் அது ஒரு கௌரவமான தொழில். அனுபவம் என்ற பெயரில் வந்தால் வாங்குகிறவர் ஏமாறுகிறார். கூடவே, சொந்தக் காசில் வாங்கி உண்மையாகவே ஆராய்ந்து பேசுகிறவரின் சொல்லும் மதிப்பிழக்கிறது. எல்லாரும் காசு வாங்கிக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்று மக்கள் முடிவுகட்டிவிட்டால், முதலில் நட்டப்படுவது நேர்மையாளர்தான்.

“பத்திரிகைகள் செய்யாததா, நடிகர்கள் செய்யாததா?” என்பது அடுத்த மறுப்பு. நடிகர் நகைக்கடை விளம்பரத்தில் வந்தால் அது விளம்பரம் என்று குழந்தைக்கும் தெரியும். யூடியூபரின் பலமே அவர் பக்கத்து வீட்டு அக்கா போல, அண்ணன் போலப் பேசுவதில் இருக்கிறது. நிறுவனம் அவரைத் தேடி வருவதும் அந்த நெருக்கத்துக்காகத்தான். பத்திரிகைகளைப் பொறுத்தவரை, நிதிச் செய்தியாளர்களுக்கு இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 1996இலேயே நெறி வகுத்தது. ஒரு நிறுவனத்தின் செலவில் பயணம் போய் எழுதினால், அந்தப் பயணமும் உபசரிப்பும் அந்த நிறுவனத்துடையவை என்பதைக் கட்டுரையில் தவறாமல் சொல்ல வேண்டும் என்றது. அந்த நெறி எங்கும் காக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. 2009 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு, காசுக்கு விற்ற செய்திகள் பற்றி அதே கவுன்சில் 2010இல் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. ஆனால் அங்கே நெறி மீறப்பட்டது இங்கே மீறுவதற்கு உரிமை ஆகாது. காசு வாங்கிய செய்தியால் நாளிதழ்கள் எவ்வளவு நம்பிக்கையை இழந்தன என்று கண்ணால் பார்த்த தலைமுறை, அந்தப் பள்ளத்தில் தானும் இறங்கத் தேவையில்லை.

மறுப்புகளில் கனமானது, சொல்லிவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடும் என்பது. இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. லோவன்ஸ்டைன் வேறு இருவரோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஜாடி நிறைய நாணயங்களைத் தூரத்திலிருந்து பார்ப்பவர் அதன் மதிப்பை ஊகிக்க வேண்டும். அருகிலிருந்து பார்த்தவர் ஆலோசனை சொல்வார். ஊகம் அதிகமாக இருந்தால் ஆலோசகருக்கு ஆதாயம். அந்த ஆதாயத்தை வெளிப்படையாக அறிவித்தபோது ஆலோசகர்கள் முன்னைவிடக் கூடுதலாக ஏற்றிச் சொன்னார்கள். ‘எச்சரித்துவிட்டோமே’ என்ற எண்ணம் அவர்களுடைய மனக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கேட்டவர்களும் போதிய அளவு கழித்துக்கொள்ளவில்லை. இந்த முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் பாடம், சொல்லாமல் இருக்கலாம் என்பதல்ல. சொல்வதோடு கடமை முடியாது என்பதுதான். ‘விளம்பரம்’ என்று போட்டுவிட்ட பிறகும் பொருளின் குறையைச் சொல்ல வேண்டும், பயன்படுத்திப் பார்க்காததைப் பயன்படுத்தியதாகச் சொல்லக் கூடாது, நிறுவனம் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கக் கூடாது. மருந்து, குழந்தை உணவு, கடன், முதலீடு போன்றவற்றில் தவறான வார்த்தை ஒரு குடும்பத்தையே கவிழ்க்கும். அங்கே பரிசை வாங்காமல் இருப்பதே நல்லது.

கிவ்அவே எனப்படும் பரிசுப் போட்டிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சப்ஸ்கிரைப் செய்யுங்கள், மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள், ஒருவருக்குக் கைப்பேசி பரிசு என்கிறார்கள். பங்கெடுக்கிற ஆயிரம் பேரும் தங்கள் நட்பையும் நேரத்தையும் கட்டணமாகக் கட்டுகிறார்கள். அந்தக் கைப்பேசியைக் கொடுத்தது யார், ஜெயித்தது யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பெரும்பாலோருக்குத் தெரிய வருவதில்லை. பரிசுத் திட்டம் முடிந்ததும் அதன் முடிவைப் பங்கெடுத்தவர்களிடமிருந்து மறைப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே 2019ஆம் ஆண்டுச் சட்டம் வகைப்படுத்துகிறது. ஊர்ச் சீட்டுக் குலுக்கல்கூட எல்லார் எதிரிலும்தான் நடக்கிறது. ஆயிரம் பேர் பார்க்கும் திரையில் நடப்பது அதைவிட மறைவாக இருக்கக் கூடாது.

சின்னச் சேனல் நடத்துகிறவர் இதனால் பிழைப்பை இழப்பார் என்று அஞ்சுகிறவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. நகரத்துக்குப் போகாமலே சொந்த ஊரிலிருந்து சம்பாதிக்கும் வழி இது. பெண்கள் பலருக்கு இதுவே முதல் வருமானம். அவர்கள் காசு வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாங்கியதைச் சொல்லச் சொல்கிறோம். சொன்னால் ஓடிப்போகிற நிறுவனம், மறைவுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறது. அந்தக் காசு பார்வையாளரின் நம்பிக்கையை விற்று வந்த காசு. அந்த நம்பிக்கை சேனல்காரருக்குச் சொந்தமானதல்ல. பார்வையாளர் நம்பிக் கொடுத்துவைத்தது அது.

ஆகவே வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நிமிடத்திலேயே, பேசுகிற மொழியிலேயே, யார் கொடுத்தது என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புகழ்ச்சி இனிக்கத் தொடங்கும்போது, கோயில் விளக்கில் நாம் வாசிக்கிற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக் கேளுங்கள்: இது யார் உபயம்? பதில் சொல்லாதவரின் பேச்சை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்.