யார் பங்கு இது?

தெரிந்தவருக்கு வீட்டு வாடகை கட்டுவதாகச் சொல்லிக் கிரெடிட் கார்டில் பணம் அனுப்பினார் ஒருவர். அதே பணம் அனுப்பியவர் கணக்குக்கே திரும்பி வந்தது. அதைக்கொண்டு கார்டு பில்லைக் கட்டினார். கார்டில் சேர்ந்த வெகுமதிப் புள்ளிகள் விமான டிக்கெட் ஆயின. வீடும் இல்லை, வாடகையும் இல்லை. இதில் ஏமாந்தது யார்?

வங்கி என்று சொல்லிவிட முடியாது. வங்கிக்கு இந்த விளையாட்டு தெரியும். 2022 அக்டோபரில் ஐசிஐசிஐ வங்கி வாடகைக்கு 1 சதவீதக் கட்டணம் போட்டது. மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 புள்ளி தந்துகொண்டிருந்த ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு, 2023 செப்டம்பரில் அதை நிறுத்தியது. கையைக் கடிக்கும்போது ஓட்டையை அடைக்கத் தெரிந்தவர்கள், அதுவரை ஏன் பொறுத்தார்கள்? இலவசமாகப் பறந்தவரின் பேச்சைக் கேட்டுப் பத்துப் பேர் கார்டு வாங்குவார்கள். அவர்களில் சிலர் பில்லை முழுதாகக் கட்டமாட்டார்கள். வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்ற 2008-ஆம் ஆண்டு தேசிய நுகர்வோர் ஆணையத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. போதாததற்கு, கார்டுக்காகக் கடைக்காரர் கட்டும் கமிஷன் பொருளின் விலையில் ஏறுகிறது. பொன்னேரியில் ரொக்கம் கொடுத்துத் துணி எடுப்பவரும் அந்த டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கொடுக்கிறார்.

இழப்பவர் யாரென்று உடனே தெரியும் இடமும் இருக்கிறது. பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் போனால் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. எந்த ஊர், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது முறைவைத்து வரும். ஒருவர் முறை தவறினால் யாருடைய இறால் குறைந்தது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். கார்டில் இழப்பவரின் முகம் தெரிவதில்லை. 'வங்கியைத்தானே ஏமாற்றினோம்' என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

அச்சிட்ட சலுகையை அச்சிட்டபடி பயன்படுத்துவதில் குற்றமில்லை. விமான நிலைய ஓய்வறையில் 2 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்துச் சாப்பிடுபவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. இல்லாத வாடகை பொய்தான். அதைவிடக் கனமான ஒன்று உண்டு: 'மினிமம் டியூ' எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக் காலம் தள்ளும் மைத்துனனுக்கு, பரிந்துரைப் புள்ளிக்காக அதே கார்டை வாங்கிக்கொடுப்பது. இங்கே முகம் நன்றாகவே தெரியும்.