மெதுவான கணினியின் சாட்சியம்

பில்லிங் மென்பொருளில் எப்போதாவது ஒரு பில், தொகை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யத்தோடு அச்சாகிறது என்று ஒரு கடையிலிருந்து புகார் வந்தது. எங்கள் புதிய கணினிகளில் எத்தனை முறை ஓட்டினாலும் தொகை சரியாகவே வந்தது. கடையில் இருந்தது, சுழலும் ஹார்ட் டிஸ்க் கொண்ட மிகப் பழைய கணினி. "சிஸ்டம் பழசு சார், மாத்தச் சொல்லிடலாம்" என்றார் உடன் வேலை பார்த்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே ரகத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து என் மேசையில் வைத்தேன். அன்று மாலைக்குள் பூஜ்ய பில் வந்தது.

பில் போடும் வேலையும் விலைப்பட்டியலை டிஸ்க்கிலிருந்து எடுக்கும் வேலையும் ஒரே சமயத்தில் புறப்பட்டிருந்தன. விலை வந்த பிறகே பில் போட வேண்டும் என்று நிரலில் எங்கும் சொல்லப்படவில்லை. புதிய கணினிகளில் விலை எப்போதும் முந்திக்கொண்டு வந்துவிடும். அந்த வேகம்தான் குறையை மூடி வைத்திருந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்க பில் போடும் பகுதியில் சில லாக் வரிகளைச் சேர்த்தேன். பிழை மறைந்துவிட்டது! லாக் எழுதும் நேரத்துக்குள் விலை வந்து சேர்ந்துவிடுகிறது. பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் இத்தகைய பிழைகளைக் கணினி அறிஞர் ஜிம் கிரே தம் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் 'ஹைசன்பக்' என்று குறிப்பிடுகிறார்.

"அரை செகண்ட் ஸ்லீப் போட்டா போதுமே" என்ற யோசனையும் வந்தது. இதைவிட மெதுவான டிஸ்க் ஒன்று வாய்க்கும் வரை அது தாங்கும். விலை வந்துவிட்டது என்ற தகவல் கிடைக்கும்வரை பில் காத்திருக்கும்படி மாற்றி எழுதினோம்.

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள், 1977இல் அறிமுகமான வாக்ஸ் கணினி வரிசைக்கும் 2016 வரை வெளியீடு தந்தார்கள். அதன் ஆமை வேகம் தெரிந்தும், முழு இயங்குதளத்தையும் அந்தக் கணினியிலேயே கம்பைல் செய்தார்கள். பலவகைக் கணினிகளில் ஓட்டிப் பார்த்தால், ஒன்றில் பதுங்கியிருக்கும் பிழை இன்னொன்றில் வெளிப்படும் என்பது அவர்கள் அனுபவம். அந்தப் பொறுமைமீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

வீட்டிலும் இதே போன்ற ஒன்றைப் பார்த்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு எங்கள் வீட்டுக் காலை நேரம் குலைந்தது. மோட்டார் போடவில்லை, டிபன் பாக்ஸ் தயாராகவில்லை, பள்ளி வேன் போய்விட்டது. "அக்காவுக்கு முன்ன மாதிரி முடியல" என்றார் சித்தி. அம்மா எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லாவற்றையும் முடித்து வைப்பார் என்ற நம்பிக்கையில்தான் வீடு இத்தனை வருடம் ஓடியது. அப்படியொரு ஏற்பாட்டை நாங்கள் யாரும் பேசி வைத்ததில்லை. அம்மாவின் வலி அதை வெளியே கொண்டுவந்தது. பழி மட்டும் வலியின்மீது விழுந்தது.

வங்கியிலிருந்து வரும் ஓடிபியைக் கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு படித்து, ஒவ்வோர் எண்ணாக அழுத்துவதற்குள் நேரம் முடிந்துபோகும் பெரியவர்களைப் பார்க்கிறேன். "தாத்தா, சீக்கிரம் அடிங்க" என்கிறார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். அவரும் தன் விரல்களையே நொந்துகொள்கிறார். அந்தக் கால அளவைத் தீர்மானித்தவர்கள் அவரைப் போன்ற ஒருவரை உட்காரவைத்து ஒருமுறையேனும் சோதித்துப் பார்த்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.