ஹெட்லைட் தர்மம்

ஈசிஆரில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எதிரே வந்த முகம் தெரியாத பையன் ஒருவன் ஹெட்லைட்டை இரண்டு முறை வெட்டிக் காட்டிவிட்டுப் போனான். தமிழ்நாட்டில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் இதற்கு அகராதி தேவையில்லை: முன்னால போலீஸ் நிக்குது. எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கினேன். அவிழ்ந்து தொங்கிய ஹெல்மெட் வாரை மாட்டினேன். சவுக்குத் தோப்பு ஓரமாக வேகத்தை அளக்கும் துப்பாக்கியோடு ஒரு காவலர் நின்றிருந்தார். பயபக்தியோடு அவரைக் கடந்தேன். அரைக் கிலோமீட்டர் தள்ளி மறுபடி எண்பது. எதிரே வந்த முதல் மூன்று வண்டிகளுக்கு நானும் லைட் அடித்தேன்.

சாதி கேட்காமல், மதம் பார்க்காமல், நன்றிகூட எதிர்பாராமல் நாம் ஒருவருக்கொருவர் செய்கிற உதவி இந்த நாட்டில் அதிகமில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான் என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் கேள்வி வந்தது. யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றினேன்? தொண்ணூறில் வந்த ஒருவனை, அவனை அறுபதுக்குக் கொண்டுவர நின்ற ஒரே ஆளிடமிருந்து காப்பாற்றியிருக்கிறேன். அவனுக்கு அடுத்த வளைவில் சாலையைக் கடக்கப்போகிற மீனவக் கிழவிக்கு லைட் அடித்துக் காட்ட யாருமில்லை.

நான் கோயிலுக்குப் போகாதவன். ஆனால் ஒருமுறை நண்பர் வாங்கிய புது பைக்குக்காகச் சென்னை பல்லவன் சாலையிலுள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். வண்டிகள் வரிசையில் நிற்கும். சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் மாலை, ஹெட்லைட் மேல் சந்தனம். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி ஓரடி முன்னால் நகர்ந்தால் காப்பு முடிந்தது. அந்த இடத்தில் யாரும் யாரிடமும் பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்று கேட்டதில்லை. நண்பர் அன்று திரும்பும்போது, சாமி கும்பிட்டாச்சு என்ற தெம்பில், நான் பின்னால் இருப்பதையும் மறந்து முறுக்கினார்.

இதில் சிரிக்க எனக்கு உரிமை உண்டா என்பது வேறு. பல வண்டிகளில் இரண்டு ஒட்டுவில்லைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்பக்கம் ‘முருகன் துணை’. நம்பர் பிளேட்டில் ‘பிரஸ்’, ‘அட்வகேட்’, ‘போலீஸ்’. முதலாவது எமனுக்கு, இரண்டாவது டிராபிக் சார்ஜென்ட்டுக்கு. 2024 மே மாதத்தில் சென்னை போக்குவரத்துக் காவல்துறை இரண்டாவதன் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது பலர் புலம்பினார்கள். இரண்டும் கேட்பது ஒன்றே: என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடு. முதல் வில்லையை ஒட்டாத நாத்திகர்கள் சிலர் இரண்டாவதை ஒட்டிக்கொண்டு திரிவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வழிபாட்டின் உச்சம் ராஜஸ்தானில் இருக்கிறது. பாலி–ஜோத்பூர் நெடுஞ்சாலையில் ஒரு 350 சிசி புல்லட்டே தெய்வம். 1988-இல் அந்த வண்டியில் போய் மரத்தில் மோதி இறந்த இளைஞர் இன்று ஓம் பன்னா; ஊருக்கு புல்லட் பாபா. கதையில் காவல்துறைக்கும் பாத்திரம் உண்டு. வண்டியைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்களாம். காலையில் அது விபத்து நடந்த இடத்திலேயே நின்றதாம். பெட்ரோலை வடித்துவிட்டுச் சங்கிலி போட்டார்களாம், மறுநாளும் அங்கேதானாம். இப்போது அவ்வழியே போகிறவர்கள் நின்று கும்பிட்டு, பத்திரமாகப் போய்ச்சேர வேண்டிக்கொள்கிறார்கள். படையலில் சாராய பாட்டில் உண்டு. சாலையில் செத்தவரிடம் சாலைப் பாதுகாப்பு கேட்பது, அதுவும் நெடுஞ்சாலையோரம் மதுவை ஊற்றிக் கேட்பது! ஆனாலும் அந்தக் கதையின் மையம் நமக்கும் பிடித்தமானதுதான். போலீஸ் பூட்டிவைத்தும் வண்டி தப்பித்துவிட்டதல்லவா.

பூசாரியிடமும் காவலரிடமும் கேட்காமல் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு சுவரில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், மூன்றாவது மாடி. 80 என்றால் 25 மீட்டர், எட்டாவது மாடி. வேகம் 1.6 மடங்குதான் ஆகியிருக்கிறது, உயரம் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. எட்டாவது மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் எந்த இளைஞனும் நிற்க மாட்டான். அதே உயரத்தில் ஒரு கையால் போன் பேசிக்கொண்டு தினமும் வேலைக்குப் போகிறான். இதனால் மிச்சமாவது என்ன? பத்துக் கிலோமீட்டரை 60-இல் போனால் பத்து நிமிடம், 80-இல் போனால் ஏழரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடமும் அடுத்த சிக்னலில் கரைந்துபோகும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நாடு முழுதும் இறந்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த 71-ஐ நான் முழுசாக நம்புவதில்லை. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்பது முதல் தகவல் அறிக்கை எழுதுகிறவரின் பேனாவிலேயே ஊறிப்போன வாக்கியம். பள்ளம் வெட்டிவிட்டு மூடாமல் போன ஒப்பந்ததாரரைப் பற்றி அப்படி ஒரு தயார் வாக்கியம் கிடையாது. செத்தவனும் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. பாதியைத் தள்ளிவிட்டாலும்கூட மிஞ்சுவது ஒரு சின்ன ஊர்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் நம் மனதில் குற்றமாகவே பதியவில்லை. நம்முடைய பாவக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அமாவாசையன்று தெரியாமல் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டதற்கு மனம் கூசுகிறவர், பள்ளிக்கூட வாசலில் எழுபதில் போனதற்குக் கூசுவதில்லை. பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துகிறவர், குழந்தை குறுக்கே போனால் ஹாரன் அடிக்கிறார். பாவமன்னிப்புக் கூண்டில் மண்டியிட்டு ‘சாமி, ஐம்பது போட்ட ரோட்டில் எண்பதில் போனேன்’ என்று சொன்னவர் ஒருவராவது இருப்பாரா? சென்னையில் பைக்குக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30 என்று 2023 நவம்பரில் விதித்தார்கள். என் தெருவில் முப்பதில் போகிறவர் காய்கறி வண்டிக்காரர் ஒருவர்தான். அவர் தள்ளிக்கொண்டு போகிறார்.

குற்றம் மனதில் இல்லாதபோது அது எனக்கும் போலீசுக்கும் இடையிலான கண்ணாமூச்சியாகிவிடுகிறது. கோயிலைக் கடக்கும்போது மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல, கேமராவைக் கடக்கும்போது மட்டும் ஒழுக்கம். கேமரா இருக்கும் இடத்தைச் செல்போன் வரைபடமே இப்போது முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. நரகம் இல்லையென்றால் மனிதன் நல்லவனாக இருப்பானா என்று ஆத்திகர்கள் எங்களை மடக்குவார்கள். ஏன் இருக்க மாட்டான் என்று மேடையில் நெஞ்சு நிமிர்த்திப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று ஈசிஆரில், போலீஸ் கண்ணிலிருந்து மறைந்த அரைக் கிலோமீட்டரில், என் பதில் என்னவாயிற்று என்று வேகமானிக்குத்தான் தெரியும்.

காவல்துறையும் சாமி மாதிரியேதான் நடந்துகொள்கிறது. எப்போது தோன்றும், யாரைத் தண்டிக்கும், யாருக்கு இரங்கும் என்று தெரியாது. மரத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று நடுரோட்டில் குதிக்கும். சில இடங்களில் காணிக்கை ஏற்கும். வட்டச் செயலாளர் போன் போட்டால் மலையேறும். கோபம் வந்தால் கண்மண் தெரியாது. 2018 மார்ச்சில், திருச்சியில், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியைத் துரத்திப் போன போக்குவரத்து ஆய்வாளர் ஓடும் வண்டியை எட்டி உதைத்தார் என்று வழக்குப் பதிவானது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். ஆய்வாளர் கைதானார். ஹெல்மெட் சட்டம் தலையைக் காப்பதற்காக வந்தது. அதை அமல்படுத்தப் போனவருக்கு அந்த நொடியில் தலை முக்கியமாகப் படவில்லை. தன் கை காட்டியும் நிற்காமல் போன அவமரியாதைதான் பட்டிருக்கிறது.

இத்தாலியர் பெக்காரியா 1764-இலேயே எழுதிவிட்டார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையல்ல, அது தப்பாமல் வரும் என்ற நிச்சயம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். தமிழ்நாட்டில் ஹெல்மெட் அபராதம் 2022 அக்டோபரில் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. பிடிபடும் வாய்ப்பு பத்து மடங்கு கூடியதா? கேமரா வைத்த சாலையில் முன்கூட்டியே அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும் என்கிறது 2021-இல் சேர்த்த மத்திய மோட்டார் வாகன விதி. நியாயம்தான், அரசு ஒளிந்திருந்து பிடிக்கக் கூடாது. ஆனால் அப்படி அறிவித்த கேமரா அந்த நூறு மீட்டரை மட்டுமே காக்கும். ஐரோப்பாவில் பல சாலைகளில் இரண்டு கேமராக்களுக்கு இடையே எவ்வளவு நேரத்தில் வந்தாய் என்று கணக்கிட்டுச் சராசரி வேகத்துக்கு அபராதம் போடுகிறார்கள். ஒளிவுமறைவு இல்லை, உதையும் இல்லை, கட்சிக்காரரின் போனுக்கும் வேலையில்லை. எதிரே வருகிறவன் லைட் அடித்தாலும் பயனில்லை. நம்பர் பிளேட்டில் கைக்குட்டை கட்டுகிறவர்களை மட்டும் காவலர் தேடினால் போதும்.

அரசிடமும் ஒரு கேள்வி பாக்கி. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை இந்தியாவின் எந்தச் சாலையிலும் மோட்டார் சைக்கிளை 80-க்கு மேல் அனுமதிக்கவில்லை. வேகமானியில் 160 வரை எண் போட்ட வண்டியை விற்க அனுமதித்து, வரி வாங்கி, பதிவெண் கொடுத்து, பிறகு சவுக்குத் தோப்பில் துப்பாக்கியோடு ஆளை நிறுத்துவது யார்? டாஸ்மாக்கை நடத்திக்கொண்டே தெருமுனையில் ஊதச் சொல்கிற அதே அரசுதான்.

போன மாதம் மறுபடி அதே சாலை. பின்னால் நண்பர் உட்கார்ந்திருந்தார், எலுமிச்சம்பழக்காரர்தான். சோதனை நடக்கும் இடத்தைக் கடந்து கொஞ்ச தூரம் வந்திருப்போம். எதிரே ஒருவன் டேங்கின் மேல் கவிழ்ந்தபடி பறந்து வந்தான். என் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் சுவிட்சுக்குப் போனது. அழுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவனை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். நண்பரும் திரும்பிப் பார்த்தார்.

“லைட் அடிச்சிருக்கலாம்ல. பாவம்ப்பா” என்றார்.