கடிதம் கொண்டு வருபவன் யார்?



போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரத்தில் பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் பணம் அவருடைய வங்கிக் கணக்கில்தான் சேருகிறது. அந்த வங்கியின் பெயரில் அவருக்கு ஓர் இமெயில் வந்திருக்கிறது. கணக்கு விவரங்களைப் புதுப்பிக்க வேண்டுமாம். 24 மணி நேரத்துக்குள் கணக்கு எண்ணையும் பாஸ்வேர்டையும் அனுப்பாவிட்டால் கணக்கு முடக்கப்படுமாம். பேரன் அதைப் பார்த்துவிட்டு மோசடி என்கிறான். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. "ஹஜ்ரத், யாரைப் பற்றியும் கெட்ட எண்ணம் கொள்ளக் கூடாதென்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள்? வங்கிக்காரர்களைச் சந்தேகப்படலாமா?" என்றார்.

நல்ல கேள்வி. தீனை அறிந்து நடக்க விரும்புகிறவர்களுக்கே இப்படிப்பட்ட தடுமாற்றம் வரும். ஏமாற்றுக்காரனும் இத்தகைய வெள்ளை மனத்தைத்தான் தேடி அலைகிறான்.

திருமறையின் 49-ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தில் 12-ஆம் வசனம் வீண் சந்தேகங்களிலிருந்து நம்மை விலக்குகிறது. பெரியவர் நினைவில் வைத்திருந்தது இதைத்தான். ஆனால் அதே அத்தியாயத்தில், அதற்கு ஆறு வசனங்கள் முன்னதாகவே, தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை இருக்கிறதே! விசாரியாமல் செயல்பட்டுப் பின்னர் வருந்தாதிருக்கவே அந்தக் கட்டளை என்ற காரணமும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஜகாத்தைத் தர மறுத்துவிட்டனர் என்று தவறான தகவல் மதீனாவுக்கு வந்ததையும், பின்னர் அது உண்மையல்ல என்று தெளிவானதையும் தப்ஸீர் ஆசிரியர்கள் இவ்விடத்தில் எடுத்துரைக்கின்றனர். ஒரே சூரா இரண்டையும் சொல்கிறதென்றால், விசாரிப்பது வேறு, கெட்ட எண்ணம் கொள்வது வேறு என்பது விளங்கவில்லையா?

போடியில் வாழும் நமக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏலக்காய் ஏலத்துக்கு வரும் வியாபாரி என்ன செய்கிறார்? மாதிரியைக் கையில் கொட்டிப் பார்க்கிறார். நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், லிட்டர் எடை கேட்கிறார். அதற்குப் பிறகே விலை சொல்கிறார். தோட்டக்காரர் யாரும் "என்னைத் திருடன் என்கிறாயா?" என்று கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் கிலோ கணக்கில் ஏலக்காயை உருட்டிப் பார்த்து வாங்குகிறவரே, செல்போனில் வரும் ஒரு வரியைப் பார்த்ததும் வீட்டுப் பணத்தின் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்.

இதனால் விளைந்ததை நம் தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே சொல்லலாம். அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்குத் தூத்துக்குடி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக் கிளையில் கணக்கு இருந்தது. 2007 செப்டம்பரில் வங்கியின் பெயரால் அவருக்கு ஓர் இமெயில் வந்தது. வழக்கமாக வருவதுதான் என்றெண்ணி, கேட்ட விவரங்களைப் பதிலாக எழுதிவிட்டார். கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் போய்விட்டது. ஒரு நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றப்பட்டு, அதில் பெரும்பகுதி மும்பையில் ரொக்கமாகவே எடுக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி வழக்கை விசாரித்த தமிழக அரசின் அதிகாரி, 2010 ஏப்ரலில், 12.85 லட்சம் ரூபாய் தரும்படி வங்கிக்கு உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. ஒரு பதில் இமெயில் எழுத எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? வழக்கோ ஆண்டுக்கணக்கில் நடந்தது.

பணம் ஒரு கணக்கில் போய் இறங்கியதைக் கவனியுங்கள். திருடனுக்கு இறங்குதுறை வேண்டும். அதற்காகத்தான் 'உன் கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறேன்' என்று நம் வாலிபர்களைத் தேடி வருகிறார்கள். அந்தக் கமிஷன் ஹராம். அதில் ஸதகா கொடுத்தாலும் நன்மை இல்லை. உரியவரிடம் திருப்பித் தந்தே ஆக வேண்டும். இதைப் பெற்றோர் கண்டிப்பாகச் சொல்லி வளர்க்க வேண்டும்.

சரி, பொய்க் கடிதத்தை எப்படி அறிவது? யூசுப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தந்தையிடம் கொண்டுவந்த சட்டையில் இரத்தம் இருந்தது, கிழிசல் இல்லை என்று தப்ஸீர்களில் காண்கிறோம். ஓநாய் கிழிக்காமலா கடித்தது? பொய் எங்காவது ஓரிடத்தில் தையல் விட்டுத்தான் நிற்கும். வங்கி தன் வாடிக்கையாளரிடம் பாஸ்வேர்டு, பின் நம்பர், ஓ.டி.பி. ஆகியவற்றைக் கேட்பதில்லை. கேட்டால் அதுவே கிழியாத சட்டை. மற்றொன்று அவசரம். இன்றே, இப்போதே என்று விரட்டுவது நாம் பிறரிடம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஹுதைபியா உடன்படிக்கைக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள் அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று கூறப்பட்டது. உடனே வெள்ளி மோதிரம் ஒன்று செய்வித்து முத்திரை பொறித்தார்கள். அதே எழுத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாதென்றும் தடுத்தார்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. இன்று வங்கிகளுக்கும் அப்படியொரு முத்திரை வந்திருக்கிறது. நம் நாட்டு வங்கிகள் தம் இணைய முகவரியை 'பேங்க் டாட் இன்' என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கியல்லாத எவருக்கும் அந்த முடிவு கிடைக்காது. ஆனால் முடிவு என்றால் முடிவாகவே இருக்க வேண்டும். அந்தச் சொற்கள் நடுவில் நின்று, மேலும் ஒரு புள்ளியும் வேறொரு பெயரும் தொடர்ந்தால் அது போலி. அனுப்பியவர் பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அதை யாரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம்.

இதெல்லாம் விளங்காத வயதானவர்களுக்கு ஒரு சுலபமான வழியைச் சொன்னோம். கடிதத்தில் உள்ள லிங்கைத் தொட வேண்டாம், அதில் கண்ட நம்பருக்கும் பேச வேண்டாம். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்கு நேரில் போய்க் கேளுங்கள். பெரியவர் அப்படியே செய்தார். வங்கியிலிருந்து எந்தக் கடிதமும் போகவில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஏற்கனவே விவரத்தைக் கொடுத்துவிட்டவர்கள் என்ன செய்வது? பலர் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். வீட்டில் ஏச்சு விழும் என்று பெண்கள் மறைக்கிறார்கள். ஏமாற்றியவன் மீதல்லவா பாவம்? ஏமாந்தவரைத் திட்டி வாயை அடைத்தால் திருடனுக்குத்தான் நேரம் கிடைக்கும். வாடிக்கையாளரே இரகசியத்தைத் தந்துவிட்டால், வங்கியில் புகார் செய்யும் வரை ஏற்படும் நஷ்டம் அவரைச் சேரும், அதற்குப் பின் ஏற்படுவது வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் அறிவித்தது. ஆகவே வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. ஒரே பொந்தில் முஃமின் இருமுறை தீண்டப்படலாகாது என்ற கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நாம் மறைத்தால் அதே பொந்தில் அண்டை வீட்டார் கைவிடுவார்கள்.

முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். கூடவே 1930 என்ற அரசின் எண்ணுக்குப் பேசுங்கள். பணம் இன்னொருவன் கையில் ரொக்கமாகும் முன் அவன் கணக்கிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களிடமும் இப்போது கணக்கும் செல்போனும் இருக்கின்றன. அவர்களுடைய பாஸ்புக்கின் உள்ளட்டையில் அந்த நான்கு இலக்கத்தைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.