மீண்டவன் மீளவில்லை!

போரிலே படும் புண் இருவகை என்று வகுத்தனர் நம் முன்னோர். மார்பிலே ஏற்றால் விழுப்புண். முதுகிலே பட்டால் புறப்புண். முன்னது புகழ், பின்னது பழி. வெண்ணிக் களத்திலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண் பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பிவைத்த தாயும், மாண்டு கிடந்த மகனின் உடலைத் தேடிக் கண்டு மகிழ்ந்த தாயும் புறநானூற்றிலே நிற்கின்றனர். மேடைதோறும் அவர்தம் புகழ் முழங்கப்படுகிறது. கேட்போர் தோள்கள் பூரிக்கின்றன.

பூரிக்கட்டும். ஆனால், தோழர்களே, ஒரு கேள்வி. மார்பிலும் இல்லாமல், முதுகிலும் இல்லாமல், கண்ணுக்கே புலப்படாத இடத்திலே பட்ட புண்ணுக்கு என்ன பெயர்? வாள் தொடாத, வேல் துளைக்காத, குண்டு கீறாத உடலோடு வீடு திரும்பி, நள்ளிரவிலே அலறி எழுகிறானே ஒருவன், அவனை எந்தப் பட்டியலிலே சேர்ப்பது? வீரர் பட்டியலிலா? கோழைகள் பட்டியலிலா? களத்திலே செத்தவனுக்கு நடுகல் உண்டு. சாகாமல் வந்து, நாள்தோறும் சாகிறவனுக்கு?

அந்த மூன்றாம் புண்ணைப் பற்றியே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1914ஆம் ஆண்டு மூண்ட முதல் உலகப் போரிலே, பதுங்குகுழிகளில் கிடந்த படைவீரர்கள் பலர் திடீரென ஊமையாயினர். சிலருக்குக் கண் தெரியவில்லை. சிலருக்குக் கால் நடக்க மறுத்தது. உடலிலே காயம் ஏதுமில்லை. மருத்துவர்கள் திகைத்தனர். சார்லஸ் மையர்ஸ் என்னும் உளவியல் அறிஞர், 1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழிலே எழுதிய கட்டுரையில் இதற்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். குண்டதிர்ச்சி என்று நாம் சொல்லலாம். குண்டு வெடித்த அதிர்வு மூளையைத் தாக்கிவிட்டது என்பதே முதலில் எழுந்த எண்ணம். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே இல்லாதவர்களுக்கும் அதே நடுக்கம், அதே ஊமைநிலை! அப்போதுதான் உண்மை மெல்லத் தலைகாட்டிற்று: உடைந்தது மண்டை ஓடு அன்று, மனம்.

மருத்துவம் இப்படி உண்மையைத் தேடிக்கொண்டிருந்தபோது, படைத்தலைமை என்ன செய்துகொண்டிருந்தது?

ஹாரி ஃபார் என்றொரு ஆங்கிலப் படைவீரன். 1914 முதல் பிரான்சு நாட்டுக் களத்தில் இருந்தவன். 1915இல் குண்டதிர்ச்சிக்கு ஆளாகி ஐந்து மாதம் மருத்துவமனையிலே கிடந்தான். மனைவிக்கு அவனால் மடல் எழுத இயலவில்லை. கை அவ்வளவு நடுங்கிற்று. செவிலி ஒருத்திதான் அவனுக்காக எழுதினாள். தேறிவிட்டான் என்று சொல்லி மீண்டும் களத்துக்கே அனுப்பினர். 1916 செப்டம்பரில், சொம் ஆற்றங்கரைப் பெரும்போரின்போது, இனி ஓரடியும் முன்னே செல்ல முடியாதென்று நின்றுவிட்டான். படைமன்றம் கூடிற்று. அவனுக்காக வாதாட ஒருவரும் இல்லை. தன் வழக்கைத் தானே பேசினான். கோழைமைக் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. அக்டோபரில், விடியற்காலையிலே, தன் படையினர் துப்பாக்கிக்கே இரையானான். கண்ணைக் கட்டவேண்டாம் என்று மறுத்துவிட்டானாம் அந்தக் 'கோழை'! வயது 25.

கதை அத்தோடு முடிந்ததா? இல்லை, அவன் வீட்டிலே அப்போதுதான் அது தொடங்கிற்று. கோழையின் மனைவிக்கு ஓய்வூதியம் கிடையாது என்றனர். சின்னஞ்சிறு மகளோடு அந்த இளம்பெண் வீட்டு வேலைக்குப் போய் வயிறு வளர்த்தாள். பசியினும் கொடியது வெட்கம். கணவன் எப்படி இறந்தான் என்பதைப் பல பத்தாண்டுகள் அவள் வாய்திறந்து சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டிலே, பிரிட்டிஷ் அரசு அவனையும் உள்ளிட்ட 306 பேருக்குச் சட்டத்தின் வாயிலாக மன்னிப்பு வழங்கிற்று. அதைக் கேட்க மனைவி உயிரோடில்லை. குழந்தையாக இருந்த மகள் கேட்டாள். அவளுக்கு அப்போது வயது 93!

மன்னிப்பாம்! யார் யாரை மன்னிப்பது? நோயாளியைச் சுட்டவன், சுடப்பட்ட நோயாளியை மன்னிக்கிறான்! இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டுஷயரிலே 2001இல் எழுப்பப்பட்ட நினைவிடத்தில், கண் கட்டப்பட்ட இளைஞன் சிலையொன்று நிற்கிறது. அதன் பின்னே, சுடப்பட்டோர் கட்டப்பட்டிருந்த கம்பங்களை நினைவூட்டும் 306 மரக்கம்பங்கள். நடுகல் வந்து சேர 85 ஆண்டுகள் ஆயின.

இன்னொன்றையும் நோக்க வேண்டும். அதே போரிலே, அதே நோய் கண்ட உயர் அலுவலர்கள் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையிலே தங்கவைக்கப்பட்டனர். ரிவர்ஸ் என்னும் மருத்துவர் அவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டார். பேசிப் பேசியே ஆற்றினார். சாதாரணச் சிப்பாய் ஊமையானால்? லண்டன் மருத்துவமனையொன்றில் யீலாண்ட் என்பவர் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார்! அலுவலருக்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர். சிப்பாய்க்கு ஹிஸ்டீரியா என்று பெயர். சுடப்பட்டோரிலே அலுவலர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர். ஏனையோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். நோயிலும் மேல்நோய், கீழ்நோய்! சாதி என்பது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய சரக்கு என்று எண்ணுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

"அச்சத்தை மன்னித்தால் எவன் போரிடுவான்? ஒழுங்கு என்னாவது?" என்று கேட்பர் சிலர். கேள்வி நேர்மையானது, விடையும் வரலாற்றிலே இருக்கிறது. அதே போரில் ஆஸ்திரேலிய வீரர்களுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் ஆஸ்திரேலிய அரசு ஒருவரைச் சுடவும் இசையவில்லை. அவர்கள் போரிடாமலா போயினர்? 1930க்குள் பிரிட்டனிலேயே கோழைமைக்கும் படையை விட்டு ஓடுதலுக்கும் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரிலே அக்குற்றங்களுக்காகத் தன் வீரன் ஒருவனையும் பிரிட்டன் சுடவில்லை. படை சிதறிற்றா? இல்லையே! கம்பத்திலே கட்டிச் சுட்டதால் வீரம் வளரவில்லை, விதவைகளே பெருகினர். எல்லா அச்சமும் இழிவல்ல என்பதை வள்ளுவரே வகுத்துக் காட்டியிருக்கிறார். தளபதிகள் கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடித்தது.

அங்கே துப்பாக்கியால் அடக்கியதை, இங்கே தத்துவத்தால் அடக்கினர். குருட்சேத்திரத்திலே அருச்சுனனுக்கு நேர்ந்ததாகக் கூறப்படுவது என்ன? உற்றாரும் ஆசிரியரும் எதிரே நிற்பதைக் கண்டான். உடல் நடுங்கிற்று, வாய் உலர்ந்தது, வில் கைநழுவிற்று, தேர்த்தட்டிலே உட்கார்ந்துவிட்டான். மனிதனாக இருந்ததால் நடுங்கினான்! அவனுக்குக் கிடைத்த மருந்து? ஆன்மா அழியாது; எனவே தயங்காதே, கொல்! ஆன்மா சாகாதாம். சரி, சாகாத ஆன்மாவுக்காக அத்தனை அத்தியாயம் பேசியவர், போர் முடிந்தபின் தூங்காத கண்ணுக்கு என்ன மருந்து சொன்னார்? அதே பாரதத்திலே, பிணங்களுக்கிடையே கணவரையும் பிள்ளைகளையும் தேடி அழும் பெண்களின் பருவம் ஒன்றுண்டு. வென்ற தருமன், அரசே வேண்டாமென்று கலங்கும் பகுதியும் உண்டு. அவற்றைப் பாராயணம் செய்வோர் எத்தனை பேர்? கொல்லச் சொன்ன பகுதிக்குக் கோயில். அழுத பகுதிக்கு அலமாரி!

நம் கலிங்கத்துப்பரணியிலும் களத்திலே பேய்கள் கூழ் அடுகின்றன. அந்தக் கூழின் சுவையை அறிவோம். கருணாகரன் படையிலே சென்று மீண்ட உழவன் வீட்டு அடுப்பு எரிந்ததா என்பதை அறியோம். வகுப்பறையிலே நாமும் பிள்ளைகளுக்குப் போரின் ஆண்டையும் வென்றவன் பெயரையும்தான் கற்பிக்கிறோம். பாடநூலிலே அதற்குமேல் இடமில்லை.

நடுக்கம் அச்சத்தால் மட்டும் வருவதில்லை. பாஸ்டன் நகரிலே வியட்நாம் போரின் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜானதன் ஷே, கிரேக்கக் காப்பிய வீரன் அக்கிலீசை ஒப்புநோக்கி 1994இல் ஒரு நூல் எழுதினார். தனக்கு நேர்ந்ததை நினைத்து நடுங்குவோர் உண்டு. தன் கையால் நேர்ந்ததை நினைத்து நடுங்குவோரும் உண்டு. தலைமை தன்னை வஞ்சித்ததை நினைத்துக் கொதிப்போரும் உண்டு. இதை அறப்புண் என்கின்றனர். எண்ணிப் பாருங்கள்: ஆணையிட்டவர் அரண்மனையிலே உறங்குகிறார், வரிப்பணம் தந்து வாழ்த்தொலி எழுப்பிய நாமும் உறங்குகிறோம், ஆணையை நிறைவேற்றியவன் மட்டும் விழித்திருக்கிறான். அவன் நோயாளி என்பது உண்மை. ஆனால் நம் எல்லோருக்கும் சேர்த்து மனச்சான்றைச் சுமப்பவனும் அவனே. செய்ததை நினைத்து நடுங்கும் நெஞ்சம் கெட்ட நெஞ்சமாக இருக்க முடியுமா?

1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோய்க்கு முறையான பெயரிட்டுத் தன் கையேட்டிலே சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய் என்பது அதன் பொருள். பின்னர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கட்டளைப்படி பெரிய ஆய்வொன்று நடந்தது. வியட்நாம் சென்ற ஆண் வீரர்களில் நூற்றுக்கு 15 பேர், போர் முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும் அந்நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தனர் என்றது அது. அவர்களின் இல்லங்களிலே மணவாழ்வு நொறுங்கியதும், பிள்ளைகள் நடத்தைச் சிக்கல்களோடு வளர்ந்ததும் அவ்வாய்விலே தெரியவந்தன. வாசிங்டனில் 1982இல் எழுந்த கருங்கல் சுவரிலே மாண்டோர் பெயர்கள் 58,000க்கு மேல் பொறிக்கப்பட்டுள்ளன. கதவு சாத்தும் ஓசைக்கே தந்தை துள்ளி எழும் வீட்டிலே, அடிமேல் அடிவைத்து நடக்கப் பழகிய குழந்தையின் பெயரைப் பொறிக்க எந்தச் சுவரிலே இடமுண்டு?

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாகாது. முதல் உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல்கடந்து சென்றோர் 10 லட்சத்துக்கு மேல். மாண்டோர் 74,000க்கு மேல். சென்னைக் கடற்கரைச் சாலையிலே வெற்றிச் சின்னம் நிற்கிறது. வெற்றி பெற்றவர் யாரோ, நடுங்கியவர் நம்மவர். அப்படி மீண்டவன் இரவிலே கத்தினால் நம் ஊர் என்ன சொல்லும்? "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்னும். உடுக்கை வரும், வேப்பிலை வரும், பூசாரி வருவான், சவுக்கும் வரும். சோதிடன் சனியைக் காட்டுவான். மதுக்குடுவையிலே அவன் மறதி தேடினால், "குடிகாரன்" என்ற பட்டம் கிடைக்கும். அடி வாங்கும் மனைவிக்கோ, "உன் தலையெழுத்து!" என்ற ஆறுதல். பேயும் இல்லை, விதியும் இல்லை, தோழர்களே! போர் இருக்கிறது, போர் தந்த நோய் இருக்கிறது, நோய்க்கு மருத்துவம் இருக்கிறது.

நோய் என்று சொல்வதால், அவன் மனைவியை அடிப்பது நியாயம் என்று நாம் சொல்லவில்லை. காரணம் கூறுவது வேறு; நியாயம் கூறுவது வேறு. அவளைக் காப்பது முதற்கடமை. அவனை ஆற்றுவது அதனோடு சேர்ந்த கடமை. இரண்டையும் அவள் ஒருத்தி தோளிலே ஏற்றிவிட்டுப் பொறுமையின் திலகம் என்று புகழ்வது, சமுதாயம் செய்யும் பெரும் மோசடி.

"நாட்டைக் காக்கும் போர் நியாயமானதுதானே?" எனலாம். ஆகட்டும், நியாயமான போர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நம் கடன் குறைகிறதா, கூடுகிறதா? நமக்காகச் சென்றவனுக்கு மாலை ஒருநாள், பதக்கம் ஒருநாள், பிறகு மறதி என்றால், அதைவிட நன்றிகெட்ட செயல் வேறென்ன?

எனவே இளைஞர்களே, உங்கள் தெருவிலே அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவரைப் பார்த்துச் சிரிக்கும் சிறுவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். பூசாரி வீட்டுக்குச் செல்லும் வழியை அடைத்து, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனு எழுத அந்த வீட்டுப் பெண்ணுக்குத் துணை நில்லுங்கள். அவர் பேச விரும்பினால், இடைமறிக்காமல் கேளுங்கள். வீரக்கதை கேட்க விரும்பி அவரை நச்சரிக்காதீர்கள்.

போர் முரசு கொட்டுவோர் எந்நாளும் இருப்பர். அடுத்தமுறை அந்த ஓசை கேட்கும்போது, எத்தனை பேர் சாவர் என்று மட்டும் கணக்கிடாதீர்கள்; எத்தனை வீடுகளிலே எத்தனை ஆண்டுகள் உறக்கம் போகும் என்றும் கேளுங்கள். விடை சொல்ல இயலாதவனுக்கு முரசு கொட்டும் உரிமை இல்லை!