குத்தகை வீடும் சொந்த வீடும்

இல்லறத்தில் அடியெடுத்து வைத்த இளம் தம்பதியரின் முதற்கனவு, சொந்த வீடு. மாதந்தோறும் வாடகை கொடுக்கும்போதெல்லாம் ‘இது நம்முடையது அன்று’ என்னும் எண்ணம் அவர்கள் மனத்தை உறுத்துகிறது. விடுமுறை நாட்களில் மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் பார்த்து வருகிறார்கள். வங்கிக் கடனுக்குக் கணக்குப் போடுகிறார்கள். அவர்களுள் ஆன்மிக நாட்டம் உடையவர்களுக்கு ஒரு வினாவும் எழுகிறது: ‘பற்றை விடு என்கின்றன சாஸ்திரங்கள். இருபது ஆண்டுக் கடனைச் சுமந்து வீடு வாங்குவது அதற்கு முரண் அல்லவா?’

இவ்வினாவைச் சிந்திக்க, கொச்சியிலுள்ள வெலிங்டன் தீவு நமக்கு உதவும்.

விற்பனைக்கு இல்லாத நிலம்

மட்டாஞ்சேரிக்கு எதிரே காயலில் அமைந்துள்ள இத்தீவின் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியது. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை மறித்துக் கிடந்த மணல்திட்டை வெட்டிக் கப்பல்களுக்கு வழி அமைத்தார். தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டு சுமார் 780 ஏக்கர் நிலம் நீரிலிருந்து எழுப்பப்பட்டது. வைஸ்ராய் வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இன்று அங்கே அலுவலகங்களும் கிடங்குகளும் ஊழியர் குடியிருப்புகளும் உள்ளன. நிலமோ துறைமுகம், கடற்படை முதலிய அரசு அமைப்புகளுக்கு உரியது. துறைமுகம் தன் நிலத்தைக் குறித்த காலத்திற்குக் குத்தகைக்குத் தருமேயன்றி விற்பதில்லை. அங்கு வாழும் தம்பதியர் சொந்த வீடு தேட வேண்டுமானால் பாலத்தைக் கடந்து கரைக்குத்தான் செல்ல வேண்டும்.

கரையில் கிடைப்பது நிலைக்குமா?

அதே நகரின் மரடு பகுதியில் பலர் நீர்க்கரையோர அடுக்குமாடி வீடுகளை முறைப்படி விலை கொடுத்து வாங்கியிருந்தனர். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் நான்கு குடியிருப்பு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பத்திரம் கையில் இருந்தது, வீடு இல்லை. இழப்பீட்டுத் தொகையை நீதிமன்றம் அளிக்கச் செய்யலாம்; குழந்தை தவழ்ந்த கூடத்தை யார் திருப்பித் தர முடியும்?

இடியாத வீடும் நம்மோடு நிலைத்திருப்பதில்லை. மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில், 1568-இல் எழுப்பப்பட்ட ஜெப ஆலயத்தைச் சுற்றித் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர், இஸ்ரேல் உருவான பிறகு அங்கே சென்று குடியேறினர். வீடுகள் நிற்கின்றன, வாழ்ந்தவர்கள் இல்லை. அவற்றில் பல இன்று கடைகள்.

ஆகவே, பத்திரம் என்பதும் நீண்ட குத்தகையே. உடம்பையே உயிரின் தற்காலிக ஒதுக்கிடமாகக் கண்ட திருவள்ளுவர், ‘இதற்கு நிலையான வீடு இன்னும் அமையவில்லையோ’ என்று நிலையாமை அதிகாரத்தின் இறுதியில் கேட்கிறார்.

அப்படியானால் வீடு வேண்டாமா?

வேண்டும். தனக்கென வீடு கட்டாமல் கிடைத்த இடத்தில் தங்கும் பாம்பை, பாகவதத்தில் வரும் அவதூதர் தம் குருக்களுள் ஒன்றாகக் கொண்டார். அது துறவியின் தர்மம். இல்லறத்தானுக்கு முதியோரைப் பேணவும், குழந்தைகளை வளர்க்கவும், விருந்தினரை உபசரிக்கவும் கூரை தேவை. அந்தத் தேவை பற்று ஆகாது. கடமையின் கருவி அது.

ஆனால் தேடும் முறையில் தர்மம் காக்கப்பட வேண்டும். நிலத்தின் உண்மையைத் தீர விசாரிப்பது விவேகம். ‘எல்லோரும் வாங்குகிறார்கள்’ என்று கண்ணை மூடிக்கொள்வது நம்பிக்கை ஆகாது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் வீட்டின் முதற்கல்லே பொய்யாகிவிடுகிறது. அண்டை வீட்டாருக்கு நிகராகத் தோன்ற விரும்பி, வருவாய்க்கு மீறிக் கடன் வாங்கினால் வீடு நம்முடையதாவதற்கு முன் நாம் அதற்கு அடிமையாகிவிடுகிறோம்.

‘எதுவும் நமதல்ல என்றால் எதற்காகப் பேண வேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். குத்தகைதாரரின் பொறுப்பை எண்ணிப் பாருங்கள். தனக்கு உரியதை ஒருவன் பாழாக்கினால் இழப்பு அவனுடையது. பிறருடையதையோ நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும். எஜமானரின் வீட்டில் எல்லா வேலைகளையும் அன்போடு செய்யும் பணிப்பெண், தன் வீடு வேறெங்கோ இருப்பதை மறப்பதில்லை. உலகில் அவ்வாறு வாழும்படி ஸ்ரீராமகிருஷ்ணர் உபதேசித்தார். பற்றின்மை அலட்சியம் ஆகாது. அது அக்கறையின் தூய வடிவம்.

கொச்சித் துறைமுகத்தின் கப்பல் வழியில் வண்டல் ஓயாமல் படிகிறது. ஆண்டுதோறும் அதைத் தூர்வாருகிறார்கள். ‘எனது’ என்னும் வண்டலும் அப்படியே. ஒருமுறை அகற்றினால் போதாது; நாள்தோறும் பிரார்த்தனையாலும் சேவையாலும் அகற்றப்பட வேண்டும்.

இளம் தம்பதியரே, வீட்டைத் தேடுங்கள், நேர்மையாகத் தேடுங்கள். சாவி கைக்கு வரும் நாளில், இறைவன் நமக்குக் குறித்த காலத்திற்குத் தந்த குத்தகை இது என்று எண்ணி உள்ளே செல்லுங்கள். பசித்து வருபவருக்கு அந்த வாசல் திறந்திருக்குமானால், வாடகை வீடும் ஆலயமே. அடைத்திருக்குமானால் சொந்த வீடும் வெறும் சுவரே.